பாத்துக்கிடுதோம்

பிரதமர் சொல்லி முடித்துவிட்டார். இனி அவள் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

தொலைபேசியின் மறுமுனையில் பக்கத்து நாட்டு அதிபர் காத்திருந்தார். அவருடைய மூச்சு அவளுடைய ஹெட்போனில் கேட்டது.

எல்லைக் கடலில் ஒரு கப்பல் மூழ்கிவிட்டது. மூழ்கடித்தது நீதான் என்று ஒவ்வொரு நாடும் மற்றதைக் கைகாட்டியது. இரண்டு பக்கமும் அணு ஏவுகணைகள் நிமிர்ந்து நின்றன.

அதிபர் கேட்டது ஒரே கேள்வி. நாங்கள் ஏவுகணைகளைக் கீழே இறக்கி வைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பிரதமர் அறவாழிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். இன்றைக்கு மட்டும் தமிழில்தான் பேசுவேன் என்றுவிட்டார். அதனால்தான் தமிழும் அதிபரின் மொழியும் தெரிந்த ரெஜினாவை அழைத்து வந்திருந்தார்கள்.

அவருடைய பதில் சின்னது.

"அவர் மொதல்ல இறக்கட்டும். பொறவு நாங்க பாத்துக்கிடுதோம்."

ரெஜினாவும் அவரைப் போலத் தூத்துக்குடிக்காரி. 'பாத்துக்கிடுதோம்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். பிரசவ அறைக்கு வெளியே அழுதுகொண்டு நின்ற அவள் அம்மாவிடம் டாக்டரம்மா சொன்னது அது. குழாயடிச் சண்டையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சொல்வதும் அதுதான்.

அதிபரின் மொழியில் அவை இரண்டும் வேறு வேறு வார்த்தைகள்.

ஒன்று அவள் நாக்கு நுனிவரை வந்திருந்தது. ஏன் அது வந்தது, மற்றது ஏன் வரவில்லை?

தன் பேச்சு மறுமுனைக்குக் கேட்காமலிருக்கப் பொத்தானை அழுத்தினாள்.

"ஐயா, எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

பக்கத்தில் நின்ற தளபதி திரும்பினார். "சொன்னதைச் சொல்றதுதான் உங்க வேலை."

அவள் பிரதமரையே பார்த்தாள்.

"தைரியம் சொல்லுதீங்களா, மிரட்டுதீங்களா?"

அவர் யோசித்தார்.

"ரெண்டுந்தான்."

"ரெண்டுக்கும் சேத்து அவங்ககிட்ட வார்த்தை இல்ல ஐயா."

மறுமுனையில் அதிபர் இருமினார். யாரோ அவரிடம் எதையோ அவசரமாகச் சொன்னார்கள்.

அறவாழி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ எதச் சொல்லப் போனே?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"மிரட்டுத மாதிரித்தான்."

"அப்படியா கேட்டுச்சு?"

கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

அவர் சட்டையில் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாங்களும் இறக்கிருதோம்னு சொல்லு. அவர் கூடவே. முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல."

"சார்," என்றார் தளபதி.

"சொல்லும்மா."

இதற்கு ஒரே அர்த்தம்தான். பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு அவள் சொன்னாள்.

அதிபர் கேட்டார்: நடுவில் ஏன் அத்தனை நேரம் சத்தமே இல்லை? என்ன ஏற்பாடு செய்துகொண்டிருந்தீர்கள்?

ரெஜினா கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

"உள்ளதச் சொல்லிருவோம்," என்றார் அறவாழி. "நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல. பக்கத்துல இருந்தவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

தளபதி நெற்றியைத் தேய்த்தார்.

அவள் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள்.



ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுமுனையில் தரையில் ஏதோ உரசியது. மரம் முனகியது.

"என்ன சொல்லுதார்?"

"ஒண்ணும் சொல்லல ஐயா. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருதார்."

பிரதமர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்போ இவ்வளவு நேரமும் நின்னுக்கிட்டா பேசினாரு?"