ஈரச் சுவரில் உன் நிழல்

டேட்டிங் செயலியில் அறிமுகமான தர்ஷனாவுக்கு நான் சொன்ன பாட்டெல்லாம் பிடித்திருந்தது. பத்து நாளில் ஒன்றைக்கூட அவள் சுமார் என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆளை நம்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கலாம் என்று வேறு கேட்டிருந்தாள்.

"ஃபேக் ஐடிடா. இல்லாத பாட்டு ஒண்ணச் சொல்லிப் பாரு," என்றான் அறை நண்பன் ஜெபராஜ், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

இரவு வேலை முடிந்து வந்து தூக்கம் வராமல் படுத்திருந்தவன் ஒரு தலைப்பை உருவாக்கினேன். 'ஈரச் சுவரில் உன் நிழல்' பிடிக்குமா, படம் வெளிவரவில்லை, பாட்டு மட்டும் வந்தது என்று எழுதினேன்.

"அய்யோ, அது என் பாட்டுங்க! எங்கண்ணன் கேசட் தேயத் தேயப் போடுவான்."

"மாட்டுனா," என்றான் ஜெபராஜ்.

"அப்போ பாடி அனுப்புங்க," என்று அவளுக்கு எழுதினேன்.

முக்கால் மணி நேரம் பதில் இல்லை. அவளை பிளாக் செய்யப் போனபோது குரல்பதிவு வந்தது. பல்லவி, சரணம், நடுவில் வாயாலேயே வயலின். பின்னால் குக்கர் விசில் அடித்தது, அவள் நிறுத்தவில்லை.

ஜெபராஜ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நெஜமாவே இல்லாத பாட்டாடா?"

நான் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான்காவது முறை கேட்கும்போது, சரணத்தின் கடைசி வரியை அவள் தப்பாகப் பாடுவது தெரிந்தது. அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.