தேசிக்காய்ச் சாற்றில் ஒரு கடிதம்

"பாருங்க டீச்சர், எழுத்து ஏதாச்சும் தெரியுதா?"

பிரேமலதா நீட்டிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீல மையில் சிங்கள வரிகள். வரிகளுக்கு நடுவே வெறும் தாள்தான்.

முந்தின நாள்தான் ஐந்தாம் வகுப்புக்கு அந்த வித்தையைக் காட்டியிருந்தேன். தேசிக்காய்ச் சாற்றில், அதாவது எலுமிச்சைச் சாற்றில், ஈர்க்கைத் தோய்த்து எழுத வேண்டும். காய்ந்தால் மறைந்துவிடும். மெழுகுதிரிச் சூட்டில் காட்டினால் பழுப்பாக எழுந்து வரும்.

இன்று பிள்ளைகள் ஆளுக்கொரு தாளோடு வந்து வகுப்பை இரண்டாக்கிவிட்டார்கள். இவள் மட்டும் எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள்.

அது அவளுடைய அம்மா சுப்பம்மாவின் கடிதம். புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போன இடத்தில், அடையாள அட்டை இல்லாமல், பயங்கரவாதி என்ற சந்தேகத்தில் பிடிபட்டு, வழக்கு முடியாமல் மூன்று வருடமாகச் சிறையில் இருக்கிறான். தமிழில் எழுதினால் அங்கே படித்துப் பார்க்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடக்குமாம். அதனால் தெஹியோவிட்ட டவுனில் முக்தார் கடையில் சொல்லிச் சிங்களத்தில் எழுதி வாங்குவாள்.

அவனும் யாரையாவது பிடித்துச் சிங்களத்தில்தான் பதில் போடுவான். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தது பிரேமலதாவுக்கு மட்டும். சிங்களப் பாடத்தில் அவளை அடிக்க ஆளில்லை.

போன வாரம் வந்த பதில் எங்கள் ரப்பர் தோட்டம் முழுக்கத் தெரியும். தீபாவளிக்கு வந்துவிடுவானாம். சுப்பம்மா பால்வெட்டு முடிந்த கையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள். எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்கிறாள்.

தகப்பனுக்குப் பிள்ளை களவாக ஏதோ கொஞ்சி எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குக் கை சும்மா இராது. மெழுகுதிரியும் அணையாமல் இருந்தது. கேட்காமல் தாளை அதன் மேலே கொண்டுபோனேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிரேமலதா பாய்ந்து என் கையைப் பிடித்தாள். அதற்குள் எழுத்துகள் எழத் தொடங்கியிருந்தன.

'அப்பா, பதினஞ்சு வருசம்னு தீர்ப்பு வந்திருச்சுன்னு எழுதியிருந்தீங்க. அம்மா என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தீவாளிக்கு வர்றீங்கன்னு வாசிச்சிட்டேன்.'

கடைசி வரி மெதுவாக வந்தது.

'எப்படியாச்சும் வந்துருங்க.'