பின்னால் நின்ற ஆரஞ்சு

ஊட்டி தைல ஆலையின் ஆய்வகத்தில் அவள் சோதனையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பழைய கருவியின் திரையில் கோடு ஏறி இறங்கி ஒரே மலை. தொட்டபெட்டாவைவிட உயரம்.

மலை முழுக்க நீலகிரித் தைலம்தான் என்றாள் அவள். உள்ளே ஆரஞ்சுத்தோல் எண்ணெய் ஒளிந்திருக்கிறது, கலப்படம் என்றார் சரக்கு வாங்க வந்த தணிகைவேல். பழைய கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துச் சொல்லாது.

வாசலில் தைலப் பீப்பாய்களோடு லாரி. மலை இறங்குமா, கிடங்குக்கே திரும்புமா?

முதலாளி ஜோகி கவுடர் அவளுடைய புதுக் கருவியைப் பார்த்தார். வாங்கச் சொல்லி அவள் நச்சரித்ததில் அவருக்குப் பாதி முடி கொட்டியிருந்தது. விலையைக் கேட்டதும் மீதி. டியூப்லைட் என்றுதான் அதைச் சொல்வார். ஆயுத பூஜையன்று தராசுக்குக்கூடப் பொட்டு வைத்தவர், அதற்கு மட்டும் வைக்கவில்லை.

அவள் அதன் விளக்கைப் போட்டாள்.

கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. தைலத்தின் ஆவிகள் அதைக் கடந்து போயின. ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த ஒளியைத்தான் தின்னும். தின்றதைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்.

மலை இரண்டாகப் பிரிந்தது.

பின்னால் நின்றது ஆரஞ்சு.

ஊட்டியே வாயடைத்துப் போனது, ஏரிக்கரைக் குதிரைகள் உட்பட. தணிகைவேல் சிரித்தார். கவுடர் நாற்காலியைத் தேடினார்.

அவள் ஒரு காலிக் குப்பியைத் தணிகைவேலிடம் நீட்டினாள். தைலத்தைக் கரைக்கும் கரைப்பானை மட்டும் ஊற்றி மூடித் தரச் சொன்னாள். ஏமாற்றிவிடுவார்கள் என்று முதல் குப்பியையும் அவர்தான் தன் கையால் நிரப்பியிருந்தார்.

தைலம் ஒரு சொட்டுக்கூட இல்லாத குப்பி.

ஆரஞ்சு மட்டும் தனியாக வந்து நின்றது.

"சார், வர்ற வழியில பர்லியார் பழக்கடையில வண்டிய நிறுத்தினீங்களா?"

அவர் கைகள் மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் போயின.

அவள் கையுறை மாட்டி, அதே பீப்பாயிலிருந்து மறுபடி எடுத்துக் கருவியில் ஓட்டினாள்.

தைலம். பின்னால் யாருமில்லை.

கவுடர் கடைவீதிக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடியவர் நீலகிரி மாவட்டத்திலேயே இல்லை. ஆள் உயர ரோஜா மாலையோடு வந்து சேர்ந்தார்.

அவள் கதவை மறித்துக்கொண்டாள். பூ உள்ளே வந்தால் அதையும் டியூப்லைட் சொல்லிவிடும் என்றாள்.

மாலை லாரிக்குப் போனது. முகப்பில் ஆடிக்கொண்டே மலை இறங்கியது.

மறுநாள் காலை அவள் உறையை விலக்கினாள்.

கருவியின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

குனிந்து முகர்ந்து பார்த்தாள். மணமே இல்லை.