துக்கம் கேட்க வந்தவள்

முன்டயர் வெடித்துப் பேருந்து கவிழ்ந்ததில் ஓட்டுநர் செத்துப்போனார். மறுநாள் அவர் மனைவி தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். கூட வேலை பார்த்த யாருடைய மனைவியாகவோ இருக்கும் என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொண்டாள். வந்தவள் கையைப் பற்றிக்கொண்டு கூடவே அழுதாள்.

"மனசுல வச்சுப் புழுங்காதீங்கக்கா, கொட்டிருங்க."

யாரிடமும் சொல்லாததை அவளிடம்தான் தங்கபுஷ்பம் சொன்னாள். "காலையில சண்டை. போய்த் தொலையும்னுட்டேன். பச்சத்தண்ணி குடிக்காம வண்டி எடுக்கப் போனாரு."

மாலைச் செய்தியில் தங்கபுஷ்பம் அழுதுகொண்டே சொன்னது அவள் குரலிலேயே அப்படியே வந்தது. பச்சைச் சேலைக்காரி கையில் மைக்கோடு திரையில் நின்றாள். 'மனைவியோடு சண்டை: ஆத்திரத்தில் பேருந்தை ஓட்டினாரா?' என்று அடியில் எழுத்து ஓடியது. டயரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் டிவியை அணைத்தாள். தெருவெல்லாம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேருந்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களின் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு, பம்பாயிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த கணவனின் அக்கா உள்ளே ஓடிவந்து தங்கபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எந்தம்பி அன்னைக்குக் காலையில எப்படிட்டி இருந்தான்? எங்கிட்டயாவது சொல்லுட்டி."

தங்கபுஷ்பம் அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள். மதினியின் முந்தானையைப் பார்த்தாள், தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நல்லாச் சாப்பிட்டுட்டு, சிரிச்சுக்கிட்டேதான் போனாரு மதினி."