கடைசியாகத் திறந்த ஊர்

ஜானகிராமன் மூலைக் கேபினுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார்.

வெற்றிவேலின் பிரவுசிங் சென்டரில் அந்தக் கேபினுக்கு மட்டும்தான் திரை உண்டு. காலேஜ் பையன்கள் அதற்காகக் காத்துக் கிடப்பார்கள். எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொதுப்பணித் துறையில் ரிட்டயரான மனுஷன். நெற்றியில் விபூதி, கஞ்சி போட்ட வேட்டி. தினமும் சாயங்காலம் வருகிறார், திரைக்குள் போகிறார், ஒரு காபி ஆறுகிற நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார். வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

இதற்குப் பாண்டிச்சேரி கதிர்காமத்தில் எங்கள் தெரு என்ன அர்த்தம் சொல்லுமோ, அதைத்தான் சொன்னது. அதில் பாதி என் வழியாகத்தான் போனது.

அவர் சம்சாரம் ராஜாம்பாளை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. பெண்ணைப் பறிகொடுத்த துக்கமே அந்த அம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை.

பறிகொடுத்தது என்றால், பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். டெல்லியில் பிஎச்.டி. படிக்கப் போன அபி, கூடப் படித்த ஸைத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்தி வந்த அன்று ஜானகிராமன் வாசலில் நின்று, எனக்குப் பெண்ணே பிறக்கவில்லை என்று தெருவே கேட்கக் கத்தினார்.

அதோடு போன் கிடையாது, கடிதம் கிடையாது. ராஜாம்பாள் வாய் தவறி அவள் பெயரைச் சொல்லிவிட்டால், மனுஷன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வெளியே குடியிருக்கிறார்கள் என்பது வரை கேள்விப்பட்டேன். டெல்லியில் எந்தப் பக்கம் என்பது எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு வீறாப்பு. அப்பேர்ப்பட்டவருக்கு இந்த வயதில் மூலைக் கேபின்.

இன்று எனக்குப் பக்கத்துக் கேபின் கிடைத்தது. பாரீசில் இருக்கும் என் அக்காவோடு பேசத்தான் வந்தேன். அக்கா லைனில் வரவில்லை. இரண்டு கேபினுக்கும் நடுவே பிளைவுட், அதில் வயர் போக ஓர் ஓட்டை.

வயரைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

அசிங்கம் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய கட்டடத்தின் படம். மேலே பல்கலைக்கழக நூலகம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அபி படிக்கிற இடம்.

இந்தக் கதை எனக்குத் தெரியும். ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்த வருஷம், லீவுக்கு வந்த அபி விரலை மடக்க முடியாமல் படுத்துக் கிடந்தாள். தன் ஐடியும் பாஸ்வேர்டும் இருந்தால் அந்த நூலகத்தை இங்கிருந்தே திறக்கலாம் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாள். அவர் இதே சென்டரில் கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்து, வழியில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு போவார். அதில் ஒரு வரி அவருக்குப் புரிந்திருக்காது.

இப்போது ஒற்றை விரலால் அதே ஐடியைத் தட்டிக்கொண்டிருந்தார். பாஸ்வேர்ட் வெறும் புள்ளி புள்ளியாக விழுந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சிவப்பில் ஒரு வரி வந்தது. பாஸ்வேர்ட் தவறு.

மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு.

நாங்கள் நிமிர்ந்தே பார்த்துப் பழகிய முதுகு அது. மெல்ல வளைந்தது.

“மாத்திட்டா,” என்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

பிறகு திரையை விலக்கி வெற்றிவேலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

வெற்றிவேல் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“கேப்ஸ் லாக் ஆன்ல கெடக்குதுய்யா. லைட்டு எரியுது பாருங்க. இப்ப அடிங்க.”

அடித்தார். திறந்துகொண்டது.

அவர் மூச்சு விட்டது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

வெற்றிவேல் போகவில்லை. நம்மைப் போலத்தான் அவனும். கம்ப்யூட்டர் திரையில் மேலே இருந்ததை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னான்.

“இத கடைசியா இன்னிக்குக் காலைல டெல்லிலேருந்து யாரோ தெறந்திருக்காங்கய்யா. அது நீங்க இல்லன்னா ஒடனே பாஸ்வேர்ட மாத்துங்கன்னு போட்டிருக்கு. மாத்திடட்டா?”

ஜானகிராமன் மவுசின் மேலிருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்பா. அது யாருன்னு எனக்குத் தெரியும்.”

அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தரம் பார்த்தார். புத்தகம் எதையும் திறக்கவில்லை, பிரிண்ட் எடுக்கவில்லை. மூடிவிட்டு எழுந்தார். என்னைக் கடந்து போகும்போது முகம் தெளிந்திருந்தது.

தெருமுனையில் எதிர்வீட்டுச் செல்வாம்பாள் சேதி கேட்க எனக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தபோதுதான் உறைத்தது.

இங்கே இவருக்கு டெல்லி என்று காட்டுகிற அதே வரி, அங்கே அபிக்குப் பாண்டிச்சேரி என்று காட்டியிருக்கும். தினமும். அது நீங்கள் இல்லையென்றால் உடனே மாற்றுங்கள் என்று அவளிடமும் சொல்லியிருக்கும்.

அபி கம்ப்யூட்டரிலேயே பிஎச்.டி. செய்கிறவள். பாஸ்வேர்ட் மாற்றத் தெரியாதவள் இல்லை.