டைமன்னா டைமன்தான்

மாமியார் ஏல அட்டைப் பெட்டியிலிருந்து சிவப்பு அட்டையை உருவி மேஜையில் வைத்தார். டபுள்.

எதிரில் ஜோடியாக உட்கார்ந்திருந்த மருமகள் தன் சீட்டுகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

பிரிட்ஜ் இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டம். கோப்பை யாருக்கு என்பது இதில்தான் இருந்தது. அவளுக்கு வலப்பக்கம் இருந்த கண்ணாடிக்காரர் துருப்பே வேண்டாம் என்று நோ டிரம்ப் கேட்டிருந்தார். அவருடைய ஜோடியான பல் டாக்டர் இரண்டு டைமன் அட்டையை வைத்தார். அவரிடம் டைமன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆட்டின் இருக்கிறது, நீங்கள் ஆட்டின் சொல்லுங்கள் என்று அர்த்தம். ஊரறிந்த சங்கேதம்.

அதன்மேல் டபுள் போட்டால், டைமன் நிஜமாகவே என்னிடம்தான், அதையே இறக்கு என்பது மாமியாரும் மருமகளும் செய்துகொண்ட ஏற்பாடு. காய்கறி நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஆறு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது.

போன வருஷம் இதே கட்டத்தில் மாமியார் அதை மறந்தார். கையில் ஆட்டினை வைத்துக்கொண்டு டபுள் போட்டு, கோப்பையைக் கோட்டை விட்டார். பதினைந்து வருஷம் ஜோடியாக ஆடியவர் அன்றோடு அவரைக் கழற்றிவிட்டார். அந்தப் புண்ணியவான்தான் இந்தக் கண்ணாடிக்காரர்.

இந்த டபுளுக்கு என்ன அர்த்தம் என்று அவர் முறைப்படி மருமகளைக் கேட்டார். குரலில் நக்கல் இருந்தது.

"டைமன்னா டைமன்தான்."

அவர் ஆட்டினைத் துருப்பாக வைத்து நாலு ஆட்டினுக்கு ஏறினார். பதின்மூன்று பிடியில் அவருக்குப் பத்து வேண்டும்; நாலு பிடி எடுத்துவிட்டால் அவரைக் கவிழ்த்துவிடலாம். முதல் சீட்டு மருமகளுடையது.

கையில் கிளாவர் ராஜாவும் ராணியும் ஆசை காட்டின. டைமனில் இருந்ததோ ஒன்பதும் நாலும். மாமியார் மறுபடி மறந்திருந்தால் கதை கந்தல்.

அவள் மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பது முறையுமில்லை.

டைமன் ஒன்பதை இறக்கினாள்.

மாமியார் டைமன் ஆஸைப் போட்டார். அடுத்து டைமன் ராஜா. மூன்றாவது டைமனை மருமகள் ஆட்டின் இரண்டால் வெட்டினாள். துக்குணித் துருப்புதான், ஆனால் மூன்றாவது பிடி.

அவள் ஸ்பேடை இறக்கினாள். மாமியாரின் ஆஸ் அதையும் வாரிக்கொண்டது.

நாலு.

அவளுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

கண்ணாடிக்காரர் மிச்சச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது.

மாமியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"கார் எங்க நிக்குதுன்னு ஞாபகம் இருக்காடா? போய் எடுத்துட்டு வா. உன் பொண்டாட்டியும் நானும் கோப்பையோட வாசல்ல இருக்கோம்."