பதினாலு கருத்து

டொக்டரின் அறைக்கு வெளியே இருந்துகொண்டு புனிதவதி இங்கிலீஷ் வகுப்புக் கொப்பியைப் புரட்டினாள். பிள்ளை இல்லையென்று இங்கே காட்ட வந்தது இது மூன்றாவது தரம்.

நேற்று வாத்தியார் காலைப்பொழுது முழுக்க 'ரன்' என்ற ஒரே சொல்லைத்தான் படிப்பித்தாராம். பதினாலு கருத்து. மனுசன் ஓடினாலும் ரன், மூக்கு வடிந்தாலும் ரன். கடை நடத்தினால், வீட்டில் பால் முடிந்தால், எலெக்சனில் நின்றால், எல்லாம் அதுதான்.

வாத்தியார் மூக்கை உறிஞ்சிக் காட்டினதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பக்கத்தில் இருந்து கேட்ட புருஷன் செல்வரட்ணத்துக்கு வயிறு எரிந்தது. கட்டி ஐந்து வருஷத்தில் அவனுடைய எந்தக் கதைக்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை.

ரெக்ஸ்டேலில் பிளாஸ்டிக் வாளி அடிக்கிற ஃபக்டரியில் அவனுக்கு ஒன்பது வருஷம். ரன் என்றால் மெஷின் ஓடுவது. வேறு கருத்து அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் அவளை ஊரிலிருந்து ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டான்.

வந்த நாள் தொட்டு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு வாய் அவன்தான். இப்போது வேறொருவன் அவளுக்கு வாய் வைத்துக் கொடுக்கிறான்.

உந்த வெள்ளையன் கூத்துக் காட்டுறான், நீ போய்ப் பல்லைக் காட்டுறாய் என்று இரண்டு தரம் சண்டை பிடித்துப் பார்த்தான். அவள் வகுப்பை நிற்பாட்டவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அஜின்கோர்ட்டில் தமிழ் டொக்டர் இருக்க, சனம் கதைக்கும் என்று சொல்லி இந்த வெள்ளைக்கார டொக்டரைப் பிடித்தவன் அவன். வழக்கம்போலக் கதிரையை இழுத்து டொக்டருக்கும் அவளுக்கும் நடுவில் போட்டுக்கொண்டான்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு நீங்கள் சும்மா இருங்கோ. நான் கதைக்கிறன்."

பிறகு அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இங்கிலீஷில், டொக்டரிடம் கேட்டாள். போன வருஷம் எடுத்த டெஸ்டில் யாருக்குக் குறை என்று வந்தது? தனக்கு இன்னொருக்கால் சொல்ல முடியுமா?

டொக்டர் ஃபைலைத் திறந்தார்.

செல்வரட்ணத்துக்கு வாத்தியார் அடியோடு மறந்துபோனார்.

ஒரு வருஷமாக அவள் ஒவ்வொரு வெள்ளியும் பச்சைத் தண்ணீரோடு விரதம் கிடக்கிறாள். போன வருஷம் இதே அறையில், குறை எனக்கோ என்று அவள் தமிழில் கேட்டபோது, ஓம் என்றவன் அவன்.

அவன் ஓம் என்ற அந்த நேரம் டொக்டரின் விரல் அவனுடைய ரிப்போர்ட்டில் இருந்தது.